பீச்சாங்கை எலெக்ட்ரானிக்ஸ்

சோற்றுத் தட்டை முன்னால் வைத்ததும் சொர்ணத்தாய் ஒரு பழைய பாவாடை நாடாவை எடுப்பாள். மகள் சுதாராணியின் இடது கையை முதுகுக்குப் பின்னால் வளைத்துக் கட்டிவிட்டுத்தான் "இப்பம் தின்னுட்டி" என்பாள். எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மழையை நம்பிக் கம்பும் உளுந்தும் போடுகிற கரிசல் காடு. ஊருக்குக் குடிதண்ணீர் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, மழை பெய்தால் பஸ் இல்லை. ஆனால் ஒரு பெண்குழந்தை எந்தக் கையால் சாப்பிடுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க மட்டும் ஆட்கள் இருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் சிலேட்டுக் குச்சி இடது கைக்கு மாறினால் விரல் முட்டியில் ஸ்கேல் விழும். பெட்டிக்கடைக்காரர் காசை வாங்கிக்கொண்டு மிட்டாயைப் பிடித்து வைத்துக்கொள்வார். "பீச்சாங்கைய நீட்டாத. சோத்தாங்கைய நீட்டு, தாரேன்."

இந்த இரண்டு சொற்களையும் உண்டாக்கியவர்களுக்கு மனித உடம்பில் வாயும் குண்டியும் மட்டும்தான் கண்ணில் பட்டிருக்கின்றன. ஒரு கை தின்ன, ஒரு கை கழுவ. களை எடுக்கிற கை, பிள்ளையைத் தூக்குகிற கை, அடி விழும்போது தடுக்கிற கை எதற்கும் அந்தச் சொற்களில் இடம் இல்லை.

சுதாராணியின் இடது கையை யாரும் கட்டாத இடம் ஒன்று இருந்தது. தீப்பெட்டி ஆபீஸ். கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தப்பட்ட பிள்ளைகளை ஏற்றிக்கொள்ள விடியும் முன்பே ஊருக்குள் வேன் வரும். சுதாராணிக்குக் கட்டை அடுக்கும் வேலை. மருந்தில் முக்குவதற்காகக் குச்சிகளைச் சட்டத்தில் ஒவ்வொன்றாக வரிசை பிடிக்க வேண்டும். அவளுக்கு இரண்டு கையும் ஓடியது, அதிலும் இடது கை பறந்தது. மேஸ்திரி அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். பீச்சாங்கையால் அடுக்கிய குச்சி என்று ஒரு பெட்டியைக்கூட யாரும் ஒதுக்கி வைக்கவில்லை. அந்தக் குச்சிகளைக் கிழித்துத்தான் ஊர் ஊராக விளக்கேற்றினார்கள், கோயில் கோயிலாகக் கற்பூரம் கொளுத்தினார்கள். குழந்தையின் உழைப்பில் தீட்டு ஒட்டாது. குழந்தை சாப்பிட உட்கார்ந்தால்தான் ஒட்டும்.

அந்த ஆபீஸ் சண்முகராஜ் என்பவரின் அப்பாவுடையது. இப்போது சண்முகராஜுடையது.

பிள்ளைகள் பேசிக்கொண்டே வேலையைக் கெடுக்கக்கூடாது என்று ஆபீஸில் நாள் முழுவதும் பாட்டுப் போடுவார்கள். ஒருநாள் பாட்டு நின்றுவிட்டது. மெக்கானிக் ஒருவர் வந்து ஆம்ப்ளிஃபையரின் மூடியைக் கழற்றினார். சுதாராணி குச்சியை விட்டுவிட்டு அந்தப் பெட்டிக்குள் பார்த்துக்கொண்டே இருந்தாள். தலையில் மேஸ்திரியின் குட்டு விழுந்தது. குட்டு மறந்துவிட்டது, பெட்டி மறக்கவில்லை. பிள்ளைகளை வேலைக்கு வைக்கக்கூடாது என்று அதிகாரிகள் வண்டிகளை மறிக்க ஆரம்பித்த காலத்தில் திரும்பவும் பள்ளிக்கூடம் போனாள். அங்கிருந்து ஐ.டி.ஐ., எலெக்ட்ரானிக்ஸ். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண்.

அங்கே கற்றுக்கொண்டதில் ஒரு பாடம் அவளுக்கு மிகவும் பிடித்தது. கரண்ட் ஓடுகிற செட்டில் அளவு பார்க்கும்போது ஒரு கையைத்தான் உள்ளே விட வேண்டும். இரண்டு கையையும் விட்டால், ஒரு கையில் ஏறுகிற கரண்ட் நெஞ்சைக் கடந்து மறு கை வழியாக இறங்கும். அதனால் வேலை செய்யாத கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும். சுதாராணி வலது கையைக் கொண்டுபோய் முதுகுக்குப் பின்னால் வைத்தாள். ஒரு நாடாவும் தேவைப்படவில்லை.

இப்போது சுதாராணிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் கடை. கல்யாணத்துக்கும் கோயில் கொடைத் திருவிழாவுக்கும் மைக் செட் கட்டுகிற சவுண்டு சர்வீஸ்காரர்கள் விளாத்திகுளத்திலிருந்தும் எட்டயபுரத்திலிருந்தும் அங்கேதான் வருவார்கள். வேலை சுத்தம். வாய் அப்படி இல்லை. எலி கூடு கட்டிய ஆம்ப்ளிஃபையரை ஒருவர் கொண்டுவந்தபோது, "எலிக்குப் பிரசவம் பாத்து அனுப்புனீரா, இல்ல நான்தான் பாக்கணுமா?" என்று கேட்டிருக்கிறார். வாடிக்கையாளரைச் சிரித்து வரவேற்க வேண்டும் என்று யாராவது சொன்னால், "சிரிக்கணும்னா சர்க்கஸுக்குப் போகச் சொல்லுங்க" என்பார்.

சண்முகராஜின் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய ஜப்பான் பவர் ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது. அவருடைய அப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. ஆள் தூக்க முடியாத கனம். முகப்பில் இரண்டு ஊசி மீட்டர்கள், இடது சேனலுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. மேல்மூடியில் சூடு வெளியேற நீள நீளமாகத் துவாரங்கள். சண்முகராஜுக்கு நாதஸ்வர இசைத்தட்டுகள் என்றால் உயிர். போன புரட்டாசியில் மெதுவான இடங்களில் நாதஸ்வரம் கரகரக்க ஆரம்பித்தது. விசாரித்தவர்கள் எல்லாரும் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள். செட்டை வீட்டை விட்டு வெளியே அனுப்ப அவருக்கு மனம் இல்லை. கார் அனுப்பினார்.

சுதாராணி தன் சீரிஸ் பல்பை எடுத்துக்கொண்டு போனார். ஒரு குண்டு பல்பை வழியில் மாட்டி, அதன் வழியாகச் செட்டுக்குக் கரண்ட் கொடுப்பது. உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரியும், செட் தப்பிக்கும். அன்று பல்பு ஒருமுறை மின்னி மங்கியது. உடம்பில் பெரிய நோய் இல்லை என்று பொருள்.

மிச்சம் இருந்தது பயாஸ் வைப்பது. பாட்டு இல்லாத நேரத்திலும் ஸ்பீக்கரை ஓட்டுகிற பெரிய டிரான்சிஸ்டர்களில் கொஞ்சம் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், சிக்னலில் நிற்கிற வண்டியின் என்ஜின் ஓடிக்கொண்டிருப்பதைப் போல. அது குறைந்தால் மெல்லிய ஒலி கரகரக்கும். கூடினால் டிரான்சிஸ்டர் சூடேறி வெந்துபோகும். கூட்டவும் குறைக்கவும் பட்டாணி அளவில் ஒரு திருகு இருக்கும், பிரிசெட் என்பார்கள். சேனலுக்கு ஒன்று. இரண்டும் வயதாகிப் பழுதாகியிருந்தன. சுதாராணி இரண்டையும் மாற்றினார். பிறகு இடது கையில் திருப்புளி, வலது கை முதுகுக்குப் பின்னால். கிளிப் மாட்டிய மல்டிமீட்டரைப் பார்த்துக்கொண்டு மயிரிழை மயிரிழையாகத் திருகினார். மூடியைப் போட்டுச் சூடேற விட்டார். திறந்து பார்த்தார், அளவு நகர்ந்திருந்தது. திருத்தினார். மறுபடி மூடினார். மூடி திறந்திருக்கும்போது ஒரு அளவு, மூடியதும் ஒரு அளவு என்று அடம் பிடிக்கிற செட். அவரும் அடம் பிடித்தார்.

அப்போதுதான் சண்முகராஜின் அம்மா ஜானகியம்மாள் கூடத்துக்கு வந்தார்.

"ஏட்டி, எந்தக் கையால தொடுத?"

"வேல தெரிஞ்ச கையால ஆச்சி."

"சோத்தாங்கை என்ன, வெளங்கலையா?"

"வெளங்குது. அத முதுகு சொறிய வச்சிருக்கேன்."

ஜானகியம்மாள் மகனைப் பார்த்தார். "ஏய்யா, உங்கப்பா கொண்டாந்த சாமான். பக்கத்துல சாமி படம் இருக்கு. பீச்சாங்கையால நோண்டுதா, நீ பாத்துட்டு இருக்க."

சண்முகராஜ் சோபாவிலிருந்து சொன்னார். "ஏம்மா சுதாராணி, கையை மாத்தித்தான் செய்யேன். பெரியவிய சொல்லுதாவள்ல?"

"கைய மாத்துனா அளவும் மாறும் அண்ணாச்சி. எது வேணும்னு சொல்லுங்க."

சண்முகராஜை அவருடைய ஆட்கள் எல்லாரும் முதலாளி என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணாச்சி என்ற சொல் அவர் முகத்தில் ஒரு ஈயைப் போல உட்கார்ந்தது. வேலை முடிந்து இசைத்தட்டைப் போட்டதும் இரண்டு ஊசிகளும் ஒன்றுபோல எழுந்து ஆடின. கரகரப்பு போய்விட்டது. கண்ணை மூடிக் கேட்டவர், கண்ணைத் திறந்து, "பரவால்ல" என்றார். அந்த வீட்டில் அதற்குமேல் பாராட்டு கிடையாது.

தீபாவளியன்று சொந்தக்காரர்கள் கூடியிருந்தபோது சண்முகராஜ் சத்தத்தைக் கூட்டினார். வலது ஊசி கடைசிவரை போய் ஒட்டிக்கொண்டது. வலது ஸ்பீக்கர் ஒரு உறுமல் உறுமி அடங்கியது. மூடியின் துவாரங்களிலிருந்து புகை வந்தது. யாரும் பிளக்கைப் பிடுங்குவதற்கு முன்பே ஜானகியம்மாள் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். "நான் அன்னைக்கே சொன்னேன்லா. பீச்சாங்கைக்காரி தொட்டது உருப்படுமா?"

என்ன எரிந்தது, ஏன் எரிந்தது என்று திறந்து பார்க்க வேண்டும் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதில் கல்லூரி படித்தவர்கள் இருந்தார்கள், என்ஜினியர் ஒருவரும் இருந்தார். ஒரு பெண்ணின் கை மேல் பழியைப் போட்டுவிட்டு முறுக்குத் தின்னப் போனார்கள்.

அந்தப் பேச்சு பஜாருக்கு வர நேரமாகவில்லை. எட்டயபுரம் சவுண்டு சர்வீஸ்காரர் ஒருவர் ரிப்பேருக்குக் கொடுத்திருந்ததை அப்படியே திரும்ப வாங்கிக்கொண்டு போனார். "அம்மன் கோயில்ல கட்டுத செட்டு பாத்துக்கிடுங்க. தப்பா நெனைக்காதிய." தப்பாக நினைக்க வேண்டியதைச் செய்கிறவர்கள் எப்போதும் இப்படித்தான் சொல்வார்கள். அடுத்தவர் போனை எடுக்கவில்லை. கார்த்திகை முகூர்த்தம் நெருங்குகிற நேரம், வழக்கமாக மேஜையில் இடம் இருக்காது. இந்த முறை மேஜை வெறுமையாகக் கிடந்தது. அந்த மேஜைதான் சுதாராணியின் சோறு. மேஜை போனால் மறுபடி தீப்பெட்டி ஆபீஸ்தான். அங்கே இடது கைக்கு எப்போதும் வேலை உண்டு.

அவருடைய கை சரியான கைதான் என்று யாராவது சொல்ல வேண்டும். கெடுத்துப் பேசிய வாயே சொல்ல வேண்டும்.

ஒரு காலையில் மழை விட்டு வெறித்திருந்தது. விளாத்திகுளம் பக்கத்து சவுண்டு சர்வீஸ்காரர் கருத்தப்பாண்டி டயர் முழுக்கக் கரிசல் சகதியோடு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். பின் சீட்டில் கோணிச்சாக்கு சுற்றிய ஆம்ப்ளிஃபையர். அதை இறக்குவதா வேண்டாமா என்று அவருக்கே தெரியவில்லை. வாசலில் நின்று மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் சண்முகராஜின் கார் வந்து நின்றது. டிரைவர் காமராஜும் இன்னொருவரும் டிக்கியிலிருந்து ஜப்பான் ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக்கொண்டுவந்து மேஜையில் வைத்தார்கள். வைத்தார்கள் என்பது மரியாதைக்கு. போட்டார்கள்.

சண்முகராஜ் கடைக்குள் வரவில்லை. தெருவில் நின்று, எதிர்த்த டீக்கடை கேட்கிற மாதிரி பேசினார்.

"மதுரை மெக்கானிக் பாக்கவே மாட்டேன்னுட்டான். எவ தொட்டாளோ அவ கிட்டயே கொண்டுபோங்கன்னுட்டான். நீ எரிச்சது. நீயே சரி பண்ணு. இல்ல, இதே மாதிரி ஒண்ணு வாங்கி வையி."

"நான் எரிச்சேனா? தெறந்து பாத்தீங்களா?"

"தெறந்து வேற பாக்கணுமா? ஊருக்கே தெரியும்."

"ஊருக்கு எலெக்ட்ரானிக்ஸ் எப்பம் தெரிஞ்சுது? எனக்குச் சொல்லவே இல்ல."

டீக்கடையில் யாரோ சிரித்தார்கள். சண்முகராஜ் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு டம்ளருக்குள் போய்விட்டது.

"வாய் மட்டும் இல்லைனா ஒன்ன நாய் தூக்கிட்டுப் போயிரும்" என்றார் சண்முகராஜ்.

"வந்த நாயெல்லாம் கார்லதான் வருது."

கருத்தப்பாண்டி, "எக்கா, எக்கா" என்று கையைக் காட்டினார். சுதாராணி அவரைப் பார்க்கவே இல்லை. திருப்புளியை எடுத்து மூடியின் ஆணிகளைக் கழற்ற ஆரம்பித்தார். இடது கையால். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரோடு வந்து வாசலில் கூடிவிட்டார்கள். கருகிய நெடி தெருவரை வந்தது.

வலது சேனல் கருகிக் கிடந்தது. பெரிய டிரான்சிஸ்டர்கள் வெடித்திருந்தன. சுதாராணி டார்ச்சை அடித்து இன்னும் உள்ளே பார்த்தார். பிரிசெட்டைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கறை, மழைத் தண்ணீர் காய்ந்த சுவரைப் போல வளையம் வளையமாக. பிரிசெட்டின் உலோகத்தில் பச்சை பூத்து, உள்ளே இருக்கிற தொடுமுனை அரித்துப் போயிருந்தது. அந்த முனை விட்டுப்போனால் கரண்டைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லை. அது ஏறிக்கொண்டே போகும். அதற்குப் பக்கத்தில் சின்னதாக ஏதோ ஒட்டியிருந்தது. இடுக்கியால் எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கருகிய எலுமிச்சை விதை.

"அண்ணாச்சி, இதுமேல எலுமிச்சம்பழம் வச்சது யாரு?"

டிரைவர் காமராஜ் எட்டிப் பார்த்துவிட்டு, தன்னை யாரும் கேட்காமலே சொன்னார்.

"ஆச்சி வச்சதுக்கா. நீங்க அன்னைக்குப் போனதும் தோஷம் கழிக்கணும்னு பழத்த ரெண்டா வெட்டி, குங்குமத்தத் தடவி மேல கவுத்துனாவ. வெள்ளிக்கு வெள்ளி புதுப் பழம். சோத்தாங்கைப் பக்கம்தான் வைக்கணும்னு எங்கிட்டத்தான் கேட்டாவ, எது சோத்தாங்கைப் பக்கம்னு."

"ஏலே காமராஜு, ஒன்ன யாருல கேட்டா?"

"அவிய கேட்டாவல்ல மொதலாளி, யாரு வச்சதுன்னு."

சுதாராணி விதையை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நீட்டினார். "எங்கை பட்ட தோஷத்துக்குப் பழம் வச்சிருக்காவ. பழத்துச் சாறு மூடி வழியா இறங்கி இந்தத் திருகை அரிச்சிருக்கு. புளியும் உப்பும் பட்டா வெண்கலப் பானையே பச்சை பிடிக்கும். இது பட்டாணி அளவு."

"பழத்து மேல பழி போடுதியா?" என்றார் சண்முகராஜ்.

"சரி, எங்கை மேலயே போடுவோம். ரெண்டு பக்கத்துக்கும் ஒரே நாள்ல, ஒரே திருப்புளியால, இந்த ஒரே கையாலதான் பயாஸ் வச்சேன். நீங்க சோபால இருந்து பாத்துட்டுத்தான இருந்தீங்க? எங்கை தோஷம்னா ரெண்டு பக்கமும்லா எரியணும்?"

அதோடு விடவில்லை. வலது சேனலின் ஃபியூஸைப் பிடுங்கிக் கீழே வைத்தார். சீரிஸ் பல்பை மாட்டிச் சுவிட்சைப் போட்டார். பல்பு மின்னி மங்கியது. வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், இடது கையால் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். புரட்டாசியில் வைத்த அளவு அசையாமல் அங்கேயே நின்றது. கடையில் கிடந்த ஒரு ஸ்பீக்கரை இணைத்து, தன் போனிலிருந்து நாதஸ்வரம் போட்டார். இடது ஊசி எழுந்து ஆட ஆரம்பித்தது. மெதுவான இடத்தில்கூட ஒரு கரகரப்பு இல்லை. வலது ஊசி செத்துக் கிடந்தது.

கொஞ்ச நேரம் எல்லாரும் நாதஸ்வரத்தைக் கேட்டார்கள். பிறகு டீக்கடையிலிருந்து வந்தவர்களில் ஒருவர் தலையை ஆட்டிக்கொண்டு, "பாத்தியளா, பழம் வைக்கலைனா ரெண்டு பக்கமும்லா போயிருக்கும். ஒரு பக்கத்தையாவது காப்பாத்திட்டு" என்றார்.

"காப்பாத்துன பக்கத்துல பழமே இல்லையே வே!" என்று கத்தினார் சுதாராணி.

அந்த ஆள் அதற்கும் தலையாட்டினார். இந்த நாட்டில் மூடநம்பிக்கை தோற்பதே இல்லை. எரிந்தால் கையின் குற்றம், எரியாமல் இருந்தால் பழத்தின் புண்ணியம். அதைத் தேர்வு எழுத வைக்கவே முடியாது, ஏனென்றால் விடைத்தாளைத் திருத்துகிறதும் அதுவேதான். தோற்கிறது யார் என்றால், மேஜை காலியாகிக் கிடக்கிற மனிதர்தான்.

சண்முகராஜுக்குப் புரிந்துவிட்டது. அவர் முட்டாள் இல்லை, அதுதான் அவர் மேல் வருகிற கோபம். தெருவிலிருந்து முதல்முறையாகக் கடைக்குள் ஏறி வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"சரி, நடந்தது நடந்துட்டு. நீயே சரி பண்ணிக் குடு. என்ன ஆனாலும் தாரேன். பழத்துக் கதைய மட்டும் இதோட விட்ரு."

"துட்டு வேண்டாம். இப்பம் தெருவுல நின்னு எரிச்சவ நீதான்னு சொன்னீங்கல்ல, அதே இடத்துல நின்னு, கை இல்ல, பழம்தான்னு சொல்லுங்க. செட்டு ஒரு வாரத்துல ரெண்டு பக்கமும் பாடும்."

"எங்கம்மாவ ஊரு சிரிக்கணுமா?"

"என்னய ஊரு சிரிச்சப்பம் உங்களுக்கு நோவலையே?"

"நீயும் எங்கம்மாவும் ஒண்ணா?"

சுதாராணி சுவிட்சை அணைத்து நாதஸ்வரத்தை நிறுத்தினார்.

"ஒண்ணு இல்ல அண்ணாச்சி. உங்கப்பா ஆபீஸ்ல பல்லு விழாத வயசுலயே கட்டை அடுக்குனேன். இந்தக் கைதான். அன்னைக்கு எந்த ஆச்சியும் தீப்பெட்டி மேல பழம் வைக்கல. நான் அடுக்குன குச்சில வந்த சோத்தத்தான் நீங்க சோத்தாங்கையால தின்னீங்க." மூடியைப் பொருத்தி, ஆணிகளை முடுக்கினார். "தூக்கச் சொல்லுங்க. சொல்ல வேண்டியதச் சொல்லுத அன்னைக்குக் கொண்டாங்க."

தூக்கினார்கள். காமராஜ் போகும்போது, "வாரேன்க்கா" என்றார். அதற்கும் அவருக்கு முதலாளியிடம் ஒரு ஏச்சு கிடைத்தது.

கூட்டம் கலைந்தபின் கருத்தப்பாண்டி மட்டும் நின்றார். கோணிச்சாக்கை அவிழ்த்து, ஆம்ப்ளிஃபையரை மேஜையில் வைத்தார். ஒருமுறை தொண்டையைச் செருமினார்.

"எக்கா, எனக்கு எல்லாம் புரிஞ்சுட்டு. சத்தியமா. ஆனா சாயந்தரம் கல்யாண வீட்டுல கட்டணும், பொண்ணு வீட்டுக்காரன் ஒரு மாதிரி. கடைசியில ஒரே ஒரு சுத்து மட்டும் சோத்தாங்கையால சுத்திருங்க. கேட்டா, நான் கண்ணால பாத்தேன்னு சொல்லிக்கிடுவேன்."

"ஏலே, இம்புட்டு நேரம் வாயப் பொளந்து பாத்துட்டு என்னத்தல புரிஞ்ச?"

"கோவப்படாதியக்கா..."

"ஒஞ்செட்டையும் தூக்கு. சோத்தாங்கைக்காரன் எவன் இருக்கானோ அவங்கிட்டப் போ."

அவர் தூக்கிக்கொண்டு போனார். வண்டியில் கட்டினார். தெரு முனைவரை போனார். மாலையில் கல்யாண விருந்து நடக்கிற வீடு, செட் ஊமையாக இருந்தால் பெண் வீட்டுக்காரரின் வாய்க்குப் பதில் சொல்ல முடியாது. வேறு மெக்கானிக் கிடையாது, இருந்த ஒருவரும் மதுரைக்குப் போய்விட்டார். திரும்பி வந்தார். வாசலில் நின்றுகொண்டு, "எந்தக் கையாலயும் பண்ணுங்க, காலால பண்ணுனாலும் சரி. சாயந்தரம் பாடணும்" என்றார். மனமாற்றம் ஒன்றும் இல்லை, அவசரம்தான். இந்த ஊரில் பல நல்ல காரியங்கள் அவசரத்தில் நடந்தவை. சுதாராணி செட்டை வாங்கி, வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்தார். சாயந்தரம் செட் பாடியது. பெண் வீட்டுக்காரர் எந்தக் கை என்று கேட்கவே இல்லை. பிரியாணிக்கு ஆள் அதிகமாகிவிட்ட கவலையில் இருந்தார்.

அதற்கு அடுத்த வாரம் சுதாராணி கடைக்கு ஒரு போர்டு வைத்தார். எழுத வந்த பெயின்டர் வெயிலுமுத்து என்ன எழுத வேண்டும் என்று கேட்டுவிட்டு, பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"இந்த வார்த்தைய எப்படி எழுதட்டும்? பொம்பளைங்க நடமாடுத பஜார்."

"நானும் பொம்பளதான். என்னயக் கூப்பிடுத வார்த்தைதான்."

"வேற ஏதாவது, இடக்கைன்னு கொஞ்சம் மரியாதையா..."

"என்னய யாரும் மரியாதையா ஏசல."

வெயிலுமுத்து எலெக்ட்ரானிக்ஸ் என்பதை மட்டும் எழுதிவிட்டு முன்னால் இடம் விட்டார். அந்த இடத்தில் சுதாராணியே எழுதினார். எழுத்து கொஞ்சம் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். பீச்சாங்கை எலெக்ட்ரானிக்ஸ். முதல் சில நாள் அந்தச் சந்தில் போகிறவர்கள் எல்லாரும் நின்று படித்துச் சிரித்தார்கள். ஏசுவதற்கு வைத்திருந்த சொல்லை ஒருத்தி மாட்டித் தொங்கவிட்டுவிட்டால் அப்புறம் எதைச் சொல்லி ஏசுவது? எட்டயபுரத்துக்காரர் இன்னும் வரவில்லை. அம்மன் கோயிலில் அவருடைய செட் போன கொடையில் பாதியிலேயே நின்றுபோனதாகக் கேள்வி. அதைத் தொட்டது சோத்தாங்கை, கையின் குற்றம் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. மேஜை முன்னைப் போல நிறையவில்லை, வெறுமையாகவும் இல்லை.

மார்கழி கடைசியில் காமராஜ் கார் இல்லாமல், பஸ்ஸில் வந்தார். போர்டை ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு உள்ளே வந்தார்.

"எக்கா, மொதலாளி கேட்டாவ. செட்டக் கொண்டாந்தா வலது பக்கத்த மட்டும் சரி பண்ணித் தருவியளான்னு."

"இன்னும் மதுரைக்காரன் பாக்கலையா?"

"ரெண்டு பேரு பாத்துட்டாவ. சாமான் கிடைக்கலைங்காவ. இப்பம் ஒரு பக்கமாத்தான் கேக்குதாவ. கழுத்த அந்தப் பக்கமாவே சாச்சி வச்சிக் கேட்டு, பிடரி வலிங்காவ."

"பழம்?"

"வெள்ளிக்கு வெள்ளி மாத்துதாவ. அதே பக்கம்தான்."

சுதாராணி சோல்டரிங் அயர்னைத் தாங்கியில் வைத்தார். "சொல்ல வேண்டியதச் சொன்னாரா?"

காமராஜ் தலையைச் சொறிந்தார். "இல்ல."

"அப்பம் போய்ச் சொல்லு. சொல்லுத வரைக்கும் பீச்சாங்கைப் பக்கமே கேக்கட்டும்."